கையை விட்டுப் பார்த்தவர்

சங்கத் தலைவரே, நீங்கள் எழுதியது பொய்.

நம் கரட்டின் மூன்றாம் வரிசைச் சுவரை ஒரு பெண் கடப்பாரையால் இடித்தாள், அதனால்தான் அவள் வீடு விழுந்து அவள் புருஷன் செத்தான் என்று, நீங்கள் செயலாளராக இருந்தபோது ஒரு தாளில் எழுதினீர்கள். எழுதும்போதே அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்கிறீர்கள். "கரட்டுல இருந்த பழைய ஆளு ஒருத்தரப் பத்தி, படிக்கறவங்க சந்தோசப்படற மாதிரி நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். எழுதிவிட்டேன். சந்தோஷம் வருமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்பாடு குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணரை ஊருக்கு அப்பால் இருக்கும் இந்தக் கரடு வெறும் பாறையும் செம்மண்ணுமான குன்றுதான். எள்ளுகூட முளைக்காது. அதனால்தான் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் கூலிக்குப் போன எங்களுக்கு அது கிடைத்தது. சரிவைப் படிப்படியாக வெட்டி நான்கு வரிசை வீடு கட்டினோம். ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் மண் சரியாமல் இருக்க ஒரு கருங்கல் சுவர். எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்காரன் வீடு ஒழுகினால் ஒழுகுகிறது என்று கத்துவான். சொந்த வீட்டுக்காரன் ஒழுகவே இல்லை என்பான். எங்கள் கரடே அப்படித்தான் இருந்தது.

படிக்கட்டின் அடியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பலகை. பருவத்துக்கு ஒரு சேதி அதில் சாக்கட்டியால் எழுதப்படும். மாசியில், புல் காய்ந்துவிட்டது, பீடியை அணைத்துப் போடவும். சித்திரையில், தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும். ஆடியில், காற்று வருகிறது, ஓட்டின் மேல் கல் வைக்கவும். புரட்டாசியில், மழைக்கு முன் ஓடையைத் தூர் வார வேண்டும். வேலை முடிந்தால் பக்கத்தில் 'ஆயிற்று' என்று எழுதுவீர்கள். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும்.

அந்த 'ஆயிற்று' என்பதை அழிப்பவர் ஒருவர் இருந்தார். மூன்றாம் வரிசையின் கடைசி வீடு. எங்களுக்கெல்லாம் கடைசியூட்டக்கா. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. புருஷனும் அதே மில்தான். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி நாற்பத்தைந்து வயதிலேயே கயிற்றுக் கட்டிலோடு படுத்துவிட்டார். பிள்ளை இல்லை. அந்த வீடு கட்டியபோது கொத்தனாருக்குச் சித்தாளாக நின்று மண்ணும் கல்லும் சுமந்தது அந்த அக்காதான். தனது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இரண்டுதான் இருந்தன. ஒன்று கட்டிலில் கிடந்த மனிதர், இன்னொன்று அவர் மேல் நின்ற கூரை.

கண்ணால் பார்த்த எதையும் அந்த அக்கா நம்ப மாட்டார். கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார்.

ஒரு சித்திரையில் 'தொட்டி கழுவியாயிற்று' என்று பலகையில் எழுதியிருந்தது. அக்கா மேலே ஏறிப் போனார். தொட்டி விளிம்பில் கவிழ்ந்து படுத்துத் தோள்வரை கையை விட்டார். அடியிலிருந்து ஒரு பிடி கறுப்புச் சேறு வந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே அத்தனை படியும் இறங்கி வந்து, அதே கையால் பலகையைத் துடைத்தார். சாக்கட்டி எழுத்தின் மேல் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. நீங்கள் அங்கேதான் நின்றீர்கள்.

"ஏனுங்கக்கா, நேத்துத்தான் ரெண்டு ஆள உட்டுத் தேச்சுக் கழுவுனோம்."

"மேல கழுவியிருக்கறாங்க. அடியில கைய உட்டுப் பாத்தீங்களா?"

"அதையெல்லாம் பாக்கோணுமாக்கும்?"

"நாம குடிக்கறது அடித்தண்ணிதானுங்க. கொழாய அங்கதான வச்சிருக்குது."

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அவர் மேல் உங்களுக்கு அன்று பிடித்த கோபம்தான் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு அந்த அக்கா ஒரு வேடிக்கை. ஓடைக் குழாய் அடைத்துக்கொண்டால் மண்டியிட்டுக் கையை விட்டுக்கொண்டிருப்பார். படியில் உட்கார்ந்து சீட்டாடுபவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

"என்னக்கா, பிரசவம் பாக்கறாப்பல இருக்குது. ஆணா பொண்ணா?"

"எலிங்க. மூஞ்சி உங்க ஊட்டுச் சாடையாத்தான் இருக்குது. போயிப் பேரு வைங்க."

அவருக்கு மருத்துவச்சி என்றே பெயர் வைத்தோம். கல்யாண வீட்டில் அரிசி மூட்டை வந்து இறங்கினால் மேல் அரிசியைப் பார்க்க மாட்டார். முழங்கைவரை உள்ளே விட்டு நடுவிலிருந்து அள்ளுவார். விருந்தாளியாக வந்தாலும் சுவரைத் தடவி ஈரம் பார்ப்பார். "அந்தக்கா வர்றாங்கன்னா அரிசிப் பானைய மூடி வெக்கோணும்" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். உண்மையைச் சொன்னால் யாருக்கும் அவரை அவ்வளவாகப் பிடிக்காது. நம் வீட்டில் ஓட்டை இருக்கிறது என்று நமக்கு முன்னால் தெரிந்துகொள்பவரை யாருக்குப் பிடிக்கும்?

என் மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல். வைத்தியர் நெற்றியைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டது என்று போய்விட்டார். எங்களுக்கும் நிம்மதி. அக்கா ஒரு டம்ளர் கஞ்சியோடு வந்தார். நெற்றியைத் தொடவில்லை. போர்வைக்குள் கையை விட்டுக் குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்தார்.

"நெத்தி பொய் சொல்லுமுங்க. காலு சில்லுன்னு கெடக்குது. சைக்கிள எடுங்க."

"வைத்தியர் இப்பத்தானக்கா..."

"எடுங்கன்னா எடுங்க!"

கேரியரில் அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கையில் கொடுத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அந்தக் குழந்தை இன்று இரண்டு பிள்ளைக்குத் தாய். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். நான் யாருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டேன் என்பது தெரிய வேண்டும்.

இனி சுவருக்கு வருகிறேன்.

மூன்றாம் வரிசைச் சுவருக்குக் கீழே ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. நல்ல வெயில் விழும். சலவைப் பட்டறைக்காரர் ஒருவர் வெளுத்த பனியன் துணியை அங்கே காயப்போடச் சங்கத்திடம் கேட்டு வாங்கினார். படி கட்டியது, விளக்குக் கம்பம் நட்டது எல்லாம் அந்தப் பாறையால் வந்த வரும்படியில்தான். நானும் அந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்தேன். சுவரில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருந்தார்கள். மழை பெய்தால் மேலே மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வெளியே வரும். வரும்போது செம்மண்ணும் வரும். ஒரு வருடம் அது பாறையில் ஓடி, விரித்திருந்த வெள்ளைத் துணி முழுவதும் கறையாகிவிட்டது. பட்டறைக்காரர் உங்களைத் தேடி வந்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு பாறை பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

புரட்டாசிக் கூட்டத்தில் நீங்கள் செய்து காட்டியதை நான் மறக்கவில்லை. ஒரு பானையின் வாயில் பனியன் துணியைக் கட்டினீர்கள். ஒரு சொம்பு செம்மண் தண்ணீரை அதன் மேல் ஊற்றினீர்கள். மண் துணியில் நின்றது. பானைக்குள் தெளிந்த தண்ணீர் சொட்டியது. கூட்டம் கை தட்டியது. தட்டாமல் எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் எந்த வீட்டுக் குழாயிலும் ஒரு துண்டு பனியன் துணி கட்டியிருக்கும். பால் வடிகட்டுவது அதில்தான், பதநீர் வடிகட்டுவதும் அதில்தான். பனியன் துணி தண்ணீரை விடும், மண்ணை விடாது என்பது எங்களுக்குப் பிறவியிலேயே தெரிந்த சங்கதி. வெட்டிப் போட்ட கழிவுத் துணியோ வீட்டுக்கு வீடு மூட்டையாகக் கிடக்கிறது. வேறு ஊர்க்காரனுக்கு இந்த யோசனையே வந்திருக்காது.

அக்கா எழுந்தார்.

"இன்னொரு சொம்பு ஊத்துங்க."

"அதான் பாத்தாச்சுங்களே."

"இல்லீங்க, ஊத்துங்க. ஒரு சொம்புக்கு வடியும். அஞ்சாவது சொம்புக்கு வடியாது. சேறு புடிச்சுத் தோலாட்டம் ஆயிப்போயிரும். நான் வேணும்னா ஊத்தறனுங்க."

"மருத்துவச்சியம்மா, அஞ்சு சொம்பு ஊத்தோணும்னா ஊட்டுக்குப் போயித் தலைல ஊத்திக் குளிங்க" என்றீர்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் பானையை நோக்கி நடந்தார். நீங்கள் அதைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டீர்கள். கூட்டம் முடிந்தது என்றீர்கள்.

மறுநாள் ஆளுக்கொரு கம்பும் கழிவுத் துணி மூட்டையுமாகப் போய்ச் சுவர் ஓட்டைகளை அடைத்தோம். நான் அடைத்தது பதினொன்று. கம்பால் குத்திக் குத்தி, முழங்கை ஆழத்துக்கு இறுக்கி அடைத்தேன். நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுக்கும் ஆசை எனக்கு உண்டு.

முதல் மழை விட்டதும் அக்கா கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் எடுத்தார். ஒவ்வொரு ஓட்டையாகத் துணியை இழுத்து வெளியே போட்டுக்கொண்டே போனார். அது துணியாகவே இல்லை, செங்கல் மாதிரி இருந்தது. ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். "புடிச்சுப் பாருங்க. ஒரு சொட்டு கசியுதுங்களா?" பிடித்துப் பார்த்தேன். கசியவில்லை. பட்டறையில் எனக்கு ஈரத் துணியோடுதான் வேலை. அது என்ன ஆகியிருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. "செயலாளர்கிட்டச் சொல்லுங்கக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பலகையில் அழகான கையெழுத்தில் ஒரு சேதி. 'சங்கத்தின் சுவரில் கை வைப்பவர் வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்படும்.' நாங்கள் மறுபடி போய் அடைத்தோம். இந்த முறை இன்னும் இறுக்கமாக, கை போகாத ஆழத்துக்கு. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் கிடப்பவருக்கு நாளுக்குப் பத்து முறை துடைத்துவிடத் தண்ணீர் வேண்டும். அவரால் என்ன செய்ய முடியும்?

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் மத்தியானம் அக்கா நனைந்தபடி என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"செவுரு வயிறு தள்ளி நிக்குதுங்க. கைய வெச்சா உள்ளுக்குள்ள அதிருது. கடப்பாரையக் குடுங்க, நான் போயி அடப்ப நோண்டி உடறேன். நீங்க ஒரு கை புடிங்க, அவரக் கட்டலோட தூக்கி உங்க ஊட்டுல போட்டுரலாம். முதல்ல அதுக்கு வாங்க."

கடப்பாரையைக் கொடுத்தேன். அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? "செயலாளருக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆளோட வந்தர்றனுங்கக்கா" என்றேன். கட்டிலைத் தூக்க இரண்டு பேர் போதும். நாங்கள் இரண்டு பேர் அங்கேயே நின்றோம். ஆனாலும் எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியிருந்தது. சங்கத்துக்குத் தெரியாமல் அந்த அம்மாவோடு சேர்ந்து சுவர் விஷயத்தில் இறங்கினால் நாளைக்கு என் குழாயையும் அடைப்பீர்களே என்று பயம். அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

முதல் வரிசைக்கு ஓடினேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"செவுரு தள்ளுதுன்னு சொல்றாங்க. அவுங்க ஊட்டுக்காரரத் தூக்கோணுமாம். நாலு ஆளு வேணுமுங்க."

"யாரு சொன்னாங்க, மருத்துவச்சியா? மழை உடட்டும், போயிப் பாக்கலாம். உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

நான் உட்கார்ந்தேன். உங்கள் வீட்டம்மா இலை போட்டார். சோறு விழுந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தபோது கடைசி வீடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கல்லும் மண்ணும் ஓடும் பாறை மேல் குவிந்து கிடந்தன. அக்கா பக்கத்தில் நின்றார். மூன்று அடைப்பை நோண்டி எடுத்துவிட்டார். நாலாவதில் கடப்பாரையை விட்டபோது மேலே விரிசல் ஓடியதைப் பார்த்துக் கத்திக்கொண்டே வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறார். வாசல் எட்டவில்லை. எதிர்ச் சரிவிலிருந்து பார்த்த ஆடு மேய்ப்பவர் சொன்னது இது. அந்த ஆளிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை. மண்ணை விலக்கி அக்காவின் புருஷனை எடுக்க இருட்டிவிட்டது. கட்டிலோடுதான் எடுத்தோம்.

மறுநாள் தாசில்தார் வருகிறார் என்றதும் நீங்கள் எங்களிடம் சொன்னது, "முதல்ல அந்தத் துணியப் பொறுக்கி எரிங்க." ஈரத் துணி எரியவில்லை. குழி வெட்டிப் புதைத்தோம். நானும் வெட்டினேன். அப்புறம் அந்தத் தாள் வந்தது. மேற்படி பெண் கடப்பாரையால் சுவரை இடித்தாள், சங்கத்துக்கு முன்கூட்டி யாரும் தகவல் சொல்லவில்லை. கடப்பாரை என்னுடையது என்பதால் நான் கட்டாயம் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். போட்டேன். அக்காவை இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். வழக்கு இல்லை என்று அனுப்பினார்கள். சர்க்கார் உதவியும் இல்லை என்றார்கள். அந்த இடத்தைச் சங்கமே எடுத்துக்கொண்டது. கருமாதி முடிந்த மறுநாள் ஒரு துணி மூட்டையோடு படியிறங்கிப் போனார். படியின் இருபுறமும் ஆட்கள் இருந்தோம். யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

சில வருடம் கழித்து அவர் தாராபுரத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"அந்தத் தாள்ல நானும் கையெழுத்துப் போட்டேனுங்கக்கா."

"தெரியுமுங்க. இன்ஸ்பெக்டர் படிச்சுக் காட்டுனாரு. உங்க பேரு ஏழாவதா இருந்துச்சு." அப்புறம், "கொழந்த நல்லா இருக்குதுங்களா?" என்றார்.

திட்டியிருக்கலாம். அவருக்குத் திட்டத் தெரியாமல் இல்லை.

உள்ளேயிருந்து சமையல்காரர், "அண்டா கழுவியாச்சா?" என்று கத்தினார்.

"ஆச்சுங்க."

நான் அண்டாவை எட்டிப் பார்த்தேன். அடியில் தீய்ந்த சோறு ஒரு விரல் கனத்துக்குப் பிடித்திருந்தது. அவர் வெளிப்பக்கம் மட்டும் தண்ணீர் ஊற்றியிருந்தார்.

"அக்கா, அடியில..."

"இருக்கட்டுமுங்க" என்றார். "யாரு பாக்கறாங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, முதலில் உங்கள் மேல், பல்லடம் வருவதற்குள் என் மேல். போன ஆனியில் அக்கா செத்துவிட்டார். மண்டபத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வண்டிக்காரர் வந்து சொன்னார். யார் கொள்ளி வைத்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வரிசைக்கு நீங்கள் புதுச் சுவர் கட்டியிருக்கிறீர்கள். சிமெண்ட் பூசி, சுண்ணாம்பு அடித்து, சங்கத்தின் பெயரும் எழுதியாயிற்று. அதில் ஒரு ஓட்டைகூட விடவில்லை. கீழே வெள்ளைத் துணி கறையில்லாமல் காய்கிறது. மூன்றாம் வரிசைச் சமையலறைகளில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டேன். ஈரமெல்லாம் இல்லை என்கிறார்கள். இதை எழுதுவதால் யாரும் அந்தச் சுவரில் ஒரு துளை போடப்போவதில்லை. போடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இந்தக் கட்டுரையை நீங்கள் மலரில் போடுவீர்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. அதனால் பத்துப் பிரதி எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு நானே கொடுத்து, படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் தரச் சொல்வேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. மைக் வைப்பீர்கள். நான் எழுந்து, பதினொரு ஓட்டையை அடைத்தவன் நான், துணியைப் புதைத்தவன் நான், கட்டிலைத் தூக்காமல் போய் இலையில் உட்கார்ந்தவன் நான் என்று சொல்லிவிட்டு உட்காருவேன். அதன்பின் நீங்கள் எழுந்திருங்கள். சங்கத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்று எழுதினீர்களே, அந்த மத்தியானம் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேனா இல்லையா? அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.